சம்படத்துக்குள் சோடாப் பனி

கண்ணம்மை ஆச்சியைப் பற்றிக் கேட்டால் மலாயாவில் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஆச்சி குண்டு போட்டு ஜப்பான்காரனை ஓட வைத்தார் என்பான் ஒருவன். ஆச்சி வீட்டுப் பானைக்குள் பேய் இருந்தது என்பான் இன்னொருவன். எல்லாம் கள்ளுக்கடைப் பேச்சு. அன்றைக்கு லாரி ஓட்டியவன் நான். என் பெயர் சீனி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நடுவில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம்.

ஆச்சி என்றதும் பல் விழுந்த கிழவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். செட்டிநாட்டுக்காரர்கள் கல்யாணமான பெண் யாரையும் மரியாதைக்கு ஆச்சி என்பார்கள். ஜப்பான்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஈப்போவுக்குள் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. உயரமான பெண்பிள்ளை, கணீரென்ற குரல், இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து. புருஷன் பெத்தபெருமாள் செட்டியார் புந்தோங்கில் சோடாக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கொட்டகை, கையால் சுற்றும் ஒரு மெஷின், கோலி சோடாப் புட்டிகள், மூலையில் சாத்தி வைத்த இரும்பு கேஸ் சிலிண்டர்கள். ஊரில் படித்துக்கொண்டிருந்த மகள் சாலாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செட்டியார் கப்பலேறினார். அவர் போய் இறங்கினார், இங்கே சண்டை வந்தது, கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. ஆச்சியும் மெஷினும் ஒரு பெட்டகம் நிறையப் பித்தளைச் சாமான்களும் இந்தக் கரையில் மிஞ்சினார்கள்.

ஆச்சிக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீட்டை விட்டு வெளியே போகிற எந்தப் பொருளையும் சும்மா அனுப்ப மாட்டார். இரண்டு சோடாப் புட்டி வாங்கினால்கூட வைக்கோலைச் சுற்றி, கயிறு போட்டு, ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அவர்கள் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய ஆட்கள். அவர்களோடு ஊறுகாயும் பலகாரமும் போகும். பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, நடுவில் உமியைத் திணித்து, மூடியின் விளிம்பில் மாவைப் பிசைந்து அப்பி, துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். அதற்கு வாய் கட்டுவது என்று பெயர். வாய் கட்டாத பண்டம் கடலைத் தாண்டாது என்பது ஆச்சியின் வேதம். என் லாரியில் அவர் ஏற்றிவிட்ட புட்டி ஒன்றுகூட உடைந்ததில்லை. அதற்காக நான் வாங்கிய திட்டுக்கும் கணக்கில்லை. கயிற்றில் நான் போடும் முடிச்சு அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் சீனி மறைந்துபோனது. என்னைச் சொல்லவில்லை, சர்க்கரையைச் சொல்கிறேன். கலர் சோடா நின்றது. வெறும் சோடாவை வாங்க ஆளில்லை. வயிற்றுக்குச் சோறு இல்லாதவனுக்கு ஏப்பம் எதற்கு? சிலிண்டர்கள் மூலையில் தூங்கின. ஆச்சி மரவள்ளிக் கிழங்கில் ஸ்டார்ச் எடுத்து விற்றுப் பிழைத்தார். நான் கரி லாரி ஓட்டினேன். பெட்ரோல் கிடையாது. லாரியின் பக்கவாட்டில் ஒரு இரும்பு அடுப்பை மாட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் என்ஜினை ஓட்டுவோம். மேட்டில் ஏறும்போது இறங்கி நடந்தால் லாரிக்கு முன்னால் போய்விடலாம். ஆனாலும் அந்த வேலைதான் என்னை, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகாமல் காப்பாற்றியது, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் பெண்சாதி பாப்பாவையும் கைக்குழந்தை நவமணியையும் பீடோருக்கு உள்ளே சுங்கை கெலாடி ரப்பர் தோட்டத்தில் என் மாமியார் வீட்டில் விட்டிருந்தேன். அங்கே கிழங்கு நட இடமாவது இருந்தது. அந்தத் தோட்டத்தில்தான் பெரியம்மை வந்தது. கடைசி லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், இரண்டு வீட்டில் வேப்பிலை கட்டிவிட்டார்கள் என்று சேதி வந்தது. நவமணி அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன், நிதானம் மட்டும் கொஞ்சம் அதிகம். உடனே ஈப்போவுக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் அம்மைப்பால் வாங்கிக்கொண்டு போனார். அம்மை குத்தும் மருந்துக்குத்தான் அம்மைப்பால் என்று பெயர். முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் அடைத்து இரண்டு முனையையும் உருக்கி மூடியிருக்கும். அது குளிரில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும், வெயில் பட்டால் செத்துவிடும். டிரஸர் ஒரு ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து அதோடு எடுத்துப் போனார். தாப்பா தாண்டுவதற்குள் ஐஸ் தண்ணீராகி, தண்ணீரும் வெந்நீராகிவிட்டது. போய்ச் சேர்ந்து எல்லோருக்கும் குத்தினார். மருந்து உயிரோடு இருந்தால் குத்திய இடத்தில் ஒரு கொப்புளம் எழும்ப வேண்டும். ஒரு கையிலும் எழும்பவில்லை, என் மகள் கையிலும்தான்.

டிரஸர் மறுபடியும் ஈப்போவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசிப் பெட்டியைக் கொடுத்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குத் தோட்டத்துப் பக்கம் போவது என் லாரிதான். அவரை ஏற்றிக்கொள்ள ஆச்சியின் கொட்டகைக்குப் போனபோது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெறும் சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஐஸ் எங்கே ஐயா?” என்றேன்.

“ஐஸ் ஃபேக்டரியில எல்லாம் பட்டாளத்துக்கு எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஈரச் சாக்கில சுத்திக்கொண்டு போவம் தம்பி. வேற என்ன செய்யிறது?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “ஐஸ் வச்சே செத்துப்போச்சு, ஈரச் சாக்கு என்னாத்துக்கு ஆகும்லா? அங்க என் புள்ள இருக்கு ஐயா. இதுவும் செத்துப்போச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?”

அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே கிழங்கு அரைத்துக்கொண்டிருந்த ஆச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எதுக்கு ரெண்டு பேரும் என் கொட்டாயில நின்னு சண்டை போடுறீங்க? குளிர்ச்சிதானே வேணும்? ஐஸை விடக் குளிர்ச்சியா இருந்தா அந்தப் பாலு தாங்குமா, கெட்டுப்போகுமா?”

“சில மருந்து உறைஞ்சாப் பழுதாப் போகும். இது அப்பிடி இல்லை. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது” என்றார் டிரஸர்.

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

ஆச்சி ஒரு சிலிண்டரைக் காட்டி, அதைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். அதன் வாயில் தடித்த கான்வாஸ் பை ஒன்றைக் கட்டினார். தன் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு திருகைத் திறந்தார். பயங்கரமான சீறல். பை உப்பியது, துணிக்கு வெளியே வெள்ளைப் புகை வழிந்தது, சிலிண்டர் என் பிடிக்குள் நடுங்கியது. திருகை மூடிப் பையை உதறினார். உள்ளே வெள்ளை வெளேரென்று பொடி. தீபாவளிக்குப் பிள்ளைகளைப் பயமுறுத்தச் செட்டியார் செய்துகாட்டும் வேடிக்கையாம் அது. இப்போது அதற்கு உலர் பனிக்கட்டி என்று பெயர் சொல்கிறார்கள். நாங்கள் சோடாப் பனி என்றோம்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். நெருப்பைத் தொட்டது போல் சுட்டது. கொப்புளம் வந்து தோல் உரிந்த பிறகுதான் ஆறியது.

“தொடாதேன்னு சொல்றதுக்குள்ள தொட்டாச்சா?” என்றார் ஆச்சி. “இது உருகித் தண்ணியாகாது, சீனி. அப்படியே காத்தாப் போயிரும்.”

டிரஸர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். இருந்த சிலிண்டர் அத்தனையையும் கவிழ்த்தோம். இனி சோடா போட வேண்டும் என்றால் கேஸ் கிடையாது. அதைப் பற்றி ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கவலை முழுக்கக் கட்டுவதில் இருந்தது.

பெட்டகத்தைத் திறந்து மூன்று பித்தளைச் சம்படங்களை எடுத்தார். சம்படம் என்றால் தெரியும்தானே, பலகாரம் வைக்கும் மூடி போட்ட பாத்திரம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். அவர் சீதனமாகக் கொண்டுவந்தது. சாலா கல்யாணத்துக்கென்று புளி போட்டுத் தேய்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார். சின்னதில் பஞ்சுக்கு நடுவே கண்ணாடிக் குழாய்களை வைத்தார். அதை நடுச் சம்படத்தில் இறக்கி, சுற்றிலும் சோடாப் பனியைப் போட்டு மத்தால் இடித்து இறுக்கினார். அதைப் பெரிய சம்படத்துக்குள் வைத்து, இடைவெளியில் உமியை அடைத்தார். அந்தக் கையின் வேகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குத் தலை வாருவது போல் அத்தனை பதமாகச் செய்தார்.

“இதை லாரியில முன்பக்கம், எங்களோட அடைச்ச இடத்தில வைக்கக் கூடாது” என்றார் டிரஸர். “சோடாக் காத்து நிறைஞ்சுதெண்டா மூச்சு முட்டும். பின்னால திறந்த வெளியில வைப்பம்.”

“வைங்க. நானும் பின்னாலயே உக்காந்துக்கிறேன்.”

“ஆச்சி, நீங்க எதுக்கு?” என்றேன்.

“என் சாமான் போற இடத்துக்கு நான் போவேன். உன் முடிச்சை நம்பி என் சம்படத்தை அனுப்பவா?”

கடைசியாக வாய் கட்டும் சடங்கு. கோதுமை மாவுக்கு எங்கே போவது? கிழங்கு ஸ்டார்ச்சைக் காய்ச்சிக் கெட்டிப் பசையாக்கினார். பெரிய சம்படத்தின் மூடியை அழுத்தி, விளிம்பைச் சுற்றி அந்தப் பசையை அப்பி, துணியைச் சுற்றி, மேலே மறுபடியும் பசை. காய்ந்ததும் சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது. தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தப் பனி காற்றாகப் போய்விடும் என்று சொன்னவர் ஆச்சி. காற்று நிறைந்தால் மூச்சு முட்டும் என்று சொன்னவர் டிரஸர். போகிற காற்று எந்த வழியாகப் போகும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. என்னைக் கேட்காதீர்கள், நான் லாரிக்காரன்.

அன்று காலையிலேயே கிளம்பினோம். டிரஸர் முன்னால் என் பக்கத்தில். ஆச்சி பின்னால், கரி அடுப்புக்கு எட்டாத மூலையில், சாக்கு மூட்டையின் மேல் கருப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, சம்படத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். கோப்பெங்கில் ஒரு சீனக் கிழவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார், ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார். கம்பாரை நெருங்கும்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

“சீனி, சம்படம் முனகுது.”

“என்னா ஆச்சி?”

“உள்ள என்னமோ முனகுது. அடிப்பக்கம் வேற லேசா உப்பியிருக்கு.”

“ரோடு குலுக்குதுலா ஆச்சி. பயப்படாதீங்க.”

அதற்குள் செக்கிங் வந்துவிட்டது. ஈயம் தோண்டிய பெரிய குளம், அதன் கரையில் தகரக் கூரை போட்ட காவல் குடிசை, குறுக்கே மூங்கில் கம்பு. இறங்கித் தொப்பியைக் கழற்றிக் குனிந்தோம். குனியாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். வயதான ஒரு சிப்பாய் லாரியின் பின்பக்கம் போனான், இன்னும் இரண்டு பேர் அவன் பின்னால். ஆச்சியும் இறங்கி, சம்படத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

என்ன இது என்று அரைகுறை மலாயில் கேட்டான். மருந்து என்றார் டிரஸர். திற என்றான். ஆச்சி மூடியைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. அவர் கட்டிய வாய் அவருக்கே திறக்கவில்லை. சிப்பாய்க்குச் சந்தேகம் வந்து முகம் மாறியது. டிரஸர் உதடு என்னமோ ஜபித்தது. அவன் குனிந்து, துப்பாக்கி முனைக் கத்தியால் பசையில் ஒரு தட்டுத் தட்டினான்.

டமார்.

நான் தரையில் கிடந்தேன். டிரஸர் என்மேல் கிடந்தார். சிப்பாய்கள் மூன்று பேரும் சாக்கடைக்குள் இருந்தார்கள். மூடி மேலே எழும்பி, குடிசையின் தகரக் கூரையில் மோதி, வெயிலில் பளபளத்துக்கொண்டே போய் ஈயக் குளத்தின் நடுவில் விழுந்தது. எங்களைச் சுற்றிலும் வெள்ளைப் புகை, அதற்குள் உமி மழை. முடிந்தது கதை, குண்டு கொண்டுவந்தோம் என்று மூன்று பேரையும் இங்கேயே சுட்டுப் போடப்போகிறான் என்று நினைத்தேன். நவமணி முகம் கண்முன் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

புகை விலகியபோது ஆச்சி ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் உமி.

“என் மூடி” என்றார்.

சாக்கடையிலிருந்து துப்பாக்கிகள் எழுந்தன. நான் கையைத் தூக்கினேன். ஆச்சி அவர்களைக் கவனிக்கவே இல்லை. குனிந்து சம்படத்துக்குள் பார்த்தார். நடுச் சம்படம் அதன் மூடியோடு அப்படியே இருந்தது. அந்த மூடியை அவர் சும்மாதான் வைத்திருந்தார், பசை போடவில்லை. புகை அதன் ஓரத்தில் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் தூக்கி, ஒரு துண்டு பனியைக் கையோடு கொண்டுவந்த அகப்பையால் எடுத்தார். காவல் குடிசை வாசலில் சிப்பாய்களின் தகரக் குவளைகளில் ஆறிய வெந்நீர் இருந்தது. நேராகப் போய் ஒரு குவளையில் அந்தத் துண்டைப் போட்டார். குவளை குபுகுபுவென்று கொதிப்பது போல் பொங்கி, வெள்ளைப் புகை கரை புரண்டு இறங்கியது. கொதி அடங்கித் துண்டு கரைந்துபோகும்வரை கையைக் காட்டி நிறுத்தி வைத்தார். பிறகு குவளையை எடுத்துத் தானே ஒரு வாய் குடித்துக்காட்டிவிட்டு, வயதான சிப்பாயிடம் நீட்டினார்.

“குடி. சோடா. நல்லா ஜில்லுன்னு இருக்கும்.”

தமிழில்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலுக்கு எந்த நாட்டுக்காரனும் கீழ்ப்படிவான். அவன் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து சம்படத்தைப் பார்த்து, “யுகி, யுகி” என்றான். வானத்திலிருந்து ஏதோ விழுவது போல் விரல்களை ஆட்டிக் காட்டினான். அவன் ஊரில் பனி பெய்யுமாம், எங்களுக்கு விளங்கிவிட்டது. மற்ற இரண்டு பேரும் தங்கள் குவளைகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தோற்றார்கள்.

டிரஸருக்குத்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது. “அக்கா, காணும், போதும். எல்லாம் முடிஞ்சிடும்” என்று காதோடு கெஞ்சினார்.

வயதான சிப்பாய் நல்ல குஷியில் இருந்தான். குளத்தைக் காட்டி, தண்ணீரில் மூழ்குவது போல் கையால் செய்துகாட்டினான். கொஞ்சம் பொறு, ஆளை இறக்கி மூடியை எடுத்துத் தரச் சொல்கிறேன் என்று அர்த்தம். ஆச்சி குளத்தைப் பார்த்தார். மூடி விழுந்த இடத்தில் தண்ணீர் இன்னும் கலங்கித்தான் இருந்தது. சம்படத்தைப் பார்த்தார். திறந்த வாயிலிருந்து புகை போய்க்கொண்டே இருந்தது.

“ஆளை இறக்கி எடுக்க எவ்வளவு நேரமாகும் சீனி?”

“தெரியலையே ஆச்சி. ஆழமான குளம்லா.”

“மூணையும் மூடியோட குடுக்கணும்னு வச்சிருந்தேன். ஒரு மூடி குறைஞ்சா சம்பந்தி வீட்டுல என்னன்னு கேப்பாக.” கண் கலங்கியிருந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு சிதறிய உமியைக் கூட்டி அள்ளினார், நடுச் சம்படத்தைச் சுற்றி அடைத்தார், மேலே ஒரு சாக்கை மடித்து வைத்தார். இந்த முறை வாய் கட்டவில்லை.

“உன் புள்ளை காத்துக்கிட்டிருக்கும். வண்டியை எடு, போலாம்” என்றார்.

அங்கிருந்து நான் ஓட்டிய ஓட்டம் அந்தக் கரி லாரிக்கே தெரியாது. ஆச்சி பின்னாலிருந்து இருக்கு, இன்னும் இருக்கு என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். தோட்டத்துக்குள் நுழையும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பெரட்டுக் களத்தில், ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் அந்த இடத்தில், சனங்கள் கூடி நின்றார்கள். டிரஸர் நடுச் சம்படத்தைத் திறந்தார். அடியில் கையளவு சோடாப் பனி மிச்சம் இருந்தது. சின்னச் சம்படத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியால் பிடித்துத் திறந்தார். குழாய் ஒன்றுகூட உடையவில்லை, உள்ளே பால் கல்லாக உறைந்திருந்தது.

“அக்கா” என்றார் டிரஸர். ஒரு குழாயைத் தூக்கி அவருக்குக் காட்டினார்.

சனங்களுக்கு நம்பிக்கை இல்லை. போன தடவை குத்தி என்ன ஆச்சு என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். பாப்பாவே குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மறுபடியுமா? புள்ள அழுவுதுங்க.”

“அழட்டும் ஆத்தா” என்றார் ஆச்சி. “இந்தப் பாலு ஜப்பான்காரனையே சாக்கடையில தள்ளிட்டு வந்திருக்கு. சும்மா போகாது.”

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். டிரஸர் ஒவ்வொரு குழாயாக உள்ளங்கையில் வைத்து இளக்கி, முனையை ஒடித்து, கையைக் கீறித் தடவினார். நவமணி தோட்டமே அதிர அழுதாள். மறுநாள் நானும் ஆச்சியும் திரும்பிவிட்டோம். வழியில் ஈயக் குளத்தைத் தாண்டும்போது அவர் குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

அடுத்த லோடு கிடைக்கும்வரை நான் தூங்கினேனா, சாப்பிட்டேனா என்று கேட்டால் தெரியாது. ஆச்சி சாப்பிடச் சொல்லித் திட்டுவார், அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். கடைசியில் தோட்டத்துக்குப் போனேன். லாரியை நிறுத்துவதற்குள் பாப்பா லயத்து வாசலில் இருந்து ஓடிவந்தாள். குழந்தையின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். புஜத்தில் உருண்டையாக ஒரு கொப்புளம், சுற்றிலும் சிவப்பு. அவ்வளவு அழகான புண்ணை நான் பார்த்ததில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எழும்பியிருந்தது. டிரஸர் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மை கடைசி லயத்தைத் தாண்டவில்லை.

சண்டை முடிந்து கப்பல் விட்டார்கள். செட்டியாரும் சாலாவும் வந்து சேர்ந்தார்கள். ஆச்சி மறுபடியும் சோடா போட்டார். சிலிண்டர் வந்து இறங்கினால் எனக்குச் சொல்லி அனுப்புவார், ஒரு துண்டு பனி எடுத்து நவமணிக்கு வேடிக்கை காட்டுவார். வியாபாரி ஒருவர் ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்கு ஐஸ்கிரீம் அனுப்ப வேண்டும் என்று வந்து கேட்டபோது, பெட்டியின் மூடியில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். வாய் கட்டணுமே ஆச்சி என்று கேலி செய்தேன். சில பண்டத்துக்கு மூச்சு விட இடம் வேணும்டா என்றார்.

நவமணி பள்ளிக்கூடம் போகிற வயதில் சாலாவுக்கு ஈப்போவிலேயே கல்யாணம் நடந்தது. செட்டிநாட்டு வழக்கப்படி சீதனச் சாமான் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்தார்கள். வெண்கலம், பித்தளை, எனாமல் என்று வரிசை வரிசையாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எனக்குத் தெரிந்த மூன்று சம்படங்களும் இருந்தன. ஆச்சி புதிதாக மூடி செய்யச் சொல்லியிருக்கலாம், பட்டறைக்காரன் பக்கத்துத் தெருவிலேயே இருந்தான். ஏனோ செய்யவில்லை. சம்பந்தியம்மாள் பெரிய சம்படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இதுக்கு மூடி இல்லையே ஆச்சி?”

சாலாவின் முகம் வாடியது. ஆச்சி திரும்பி, “நவமணி, இங்க வா ஆத்தா” என்றார். பந்தலில் பூ கட்டிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து வந்தாள். ஆச்சி அவளைத் தன் பக்கத்தில் நிறுத்தி, பட்டுச் சட்டையின் கையை மேலே தூக்கினார். புஜத்தில் அந்த வட்டத் தழும்பு இருந்தது.

“இந்தா இருக்கு மூடி” என்றார். “நல்லாப் பாத்துக்கங்க.”

சம்பந்தியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாலாவுக்கு விளங்கியது, ஏனென்றால் அந்தக் கதையை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவள் வந்து நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. லாரியைத் தள்ளி நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். லாரி சரியான இடத்தில்தான் நின்றிருந்தது.